மிதக்காத மரம்

“செம்மரம் மிதக்காது மாப்ளே. முழுகிரும்.” மாமா சொன்னது இவ்வளவுதான். 2022, பொங்கல் கழிந்த வாரம். வாசலில் தார்ப்பாய் விரித்து, கொடியிலிருந்து இறக்கிய மிளகுச் சரங்களைக் கொட்டி, அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். மிளகு மிதிப்பதற்கு ஒரு பதம் உண்டு. குதிகாலை அழுத்தக் கூடாது. முன்பாதத்தைத் திருகித் திருகி எடுத்தால் மணி உதிரும், காம்பு தனியே வரும். பச்சை மிளகின் சாறு பாதவெடிப்பில் இறங்கி எரியும். திண்ணையில் நாங்கள் ஆறேழு பேர், அரிசிப் படியில் சாய்த்து வைத்த போனைச் சுற்றிக் குந்தியிருந்தோம். படம் ‘புஷ்பா’. போலீஸ் காட்டுக்குள் நுழைகிறது; வெட்டிப் போட்ட செம்மரக் கட்டைகளை எல்லாம் ஆற்றில் தள்ளிவிடச் சொல்கிறான் புஷ்பா; கட்டைகள் தண்ணீரில் மிதந்து வரிசையாகப் போகின்றன. பையன்கள் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன் என்றுதான் நினைவு. சொம்பில் தண்ணீர் குடிக்க வந்த மாமா எங்கள் தலைகளுக்கு மேலாக அந்தக் காட்சியைப் பார்த்தார், ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கினார், அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார், மறுபடி போய் மிளகின்மேல் ஏறிக்கொண்டார். “படம்னா அப்படித்தான் பெருசு” என்று ஒரு பையன் சொல்ல எல்லோரும் சிரித்தோம். நான்கு வருடமாகிறது. அந்தப் படத்தின் பாட்டுகள் பாதி மறந்துவிட்டன. மாமாவின் வாக்கியம் மட்டும் எந்தப் படம் பார்த்தாலும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சினிமாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை. அரியூர் நாட்டில் இரண்டு ஏக்கர் மிளகும் அடியில் கொஞ்சம் காப்பியும் வைத்திருப்பவன். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் எதிலுமே ஊன்றிப் படம் பார்க்க ஒரு கொட்டகை கிடையாது. நல்ல படம் என்று யாராவது சொன்னால் காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேந்தமங்கலமோ நாமக்கல்லோ போக வேண்டும், அல்லது முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரம். இரவுக் காட்சி என்பது பைக் இருப்பவர்களுக்கு மட்டும். பகல் காட்சி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே நாங்கள் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும் கருத்தில் டிக்கெட் காசு மட்டுமல்ல, வளைவுகளில் வாந்தியெடுத்த பிள்ளையின் கணக்கும் சேர்ந்திருக்கும். ‘கங்குவா’ பார்த்துவிட்டு ஏறும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவன் முப்பதாவது வளைவுவரை பேசவே இல்லை. காது இன்னும் அடைத்திருக்கிறது என்றான். ‘மெய்யழகன்’ எனக்குப் பிடித்தது. வெளியான பிறகு அதில் பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள், நான் பார்த்தது வெட்டிய பிறகு. ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பதில் எதை வெட்டினார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன். சொந்தக்காரன் பேச்சில் பதினெட்டு நிமிடத்தைப் பிடுங்கினால் மிச்சம் எப்படி நிற்கும்? ‘அமரன்’ பார்த்து அழுதேன். ‘கொட்டுக்காளி’யில் பாட்டும் இல்லை பின்னணி இசையும் இல்லை என்று கீழே பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். எங்கள் வளவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பின்னணி இசை ஏது என்று எனக்குத் தோன்றியது. இப்படியான கருத்துகள்தான் என்னிடம் உண்டு. டீக்கடைக் கருத்துகள்.

‘புஷ்பா’ எனக்குப் பிடித்திருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். மூன்று முறை பார்த்தேன். சுகுமார் இயக்கி 2021 டிசம்பரில் வந்த படம். அல்லு அர்ஜுனுக்கு அதற்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது, தெலுங்கு நடிகர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல் முறை. எனக்கு விருதெல்லாம் பொருட்டில்லை. ஒரு கூலிக்காரன் முதலாளிக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருகிறான். அந்த ஒரு அசைவு போதுமாயிருந்தது. மிளகு வியாபாரியின் கடையில், எடை போட்டு முடியும் வரை நின்றுகொண்டே இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கால் எவ்வளவு கனமென்று. நாற்காலி காலியாக இருக்கும், உட்காராதே என்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள், ஆனால் நாம் நிற்போம். என் அப்பா நின்றார். நானும் நாற்பது வயதுவரை நின்றேன். தாடியை ஒரு கையால் தடவிக்கொண்டு, ஒரு தோளை ஏற்றிச் சாய்ந்து நடக்கும் அந்தக் கோணல் நடையைக்கூட எங்கள் பையன்கள் பழகிக்கொண்டார்கள். சுமை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் ஏறிப்போன தோள் எங்கள் மலையில் நிறையப் பேருக்கு உண்டு. அதை ஸ்டைல் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. லாரியைக் கிணற்றுக்குள் இறக்கி மறைக்கிறான், பால் வண்டிக்குள் தடுப்பு வைத்துக் கட்டை கடத்துகிறான், எல்லாவற்றையும் நம்பினேன். நம்பாமல் என்ன? நாங்கள் ஓரியின் மலைக்காரர்கள். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிவைத்திருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு அரசாங்கமே செம்மேட்டில் அந்த வில்லாளிக்கு விழா எடுக்கிறது. உடும்புவரை நம்பியவனுக்கு மிதக்கிற மரம் ஒரு பெரிய விஷயமா?

ஆனால் மாமாவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அல்லது அப்படியும் இல்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போல, இந்தப் பலா இந்த வருடம் காய்க்காது என்று சொல்வது போலச் சொன்னார். அவர் எனக்கு மாமா முறை. வீடு கல்வராயன் மலைப் பக்கம். மிளகுக்காக ஒவ்வொரு தையிலும் வந்து ஒரு மாதம் தங்கி, கூலியும் ஒரு மூட்டைச் சாமையும் வாங்கிக்கொண்டு போவார். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள், அந்த வழியில் வந்தவர்கள் நாம் என்பது மலையாளிப் பழங்குடிகளான எங்களின் கதை. அப்படிப் பார்த்தால் சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, பச்சைமலை எல்லாமே ஒரே வீட்டின் அறைகள். அந்த அறைகளிலிருந்துதான் ஆந்திராவுக்கு மரம் வெட்ட ஆள் போனது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் இருபது பேரைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. கோடாலியாலும் கல்லாலும் தாக்க வந்தார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். இறந்த இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்; சித்தேரி, ஜவ்வாது மலைகளின் மலையாளிகள் அதில் உண்டு. அந்த வருடம் தையில் மாமா வந்திருந்தாரா? நான் பலமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். சில வருடங்கள் அவர் வரவில்லை. எந்த வருடங்கள் என்பது கலங்கிக் கிடக்கிறது. வலது தோளில், கழுத்தோரம், தோல் கறுத்துத் தடித்த ஒரு பட்டை அவருக்கு உண்டு. சுமைத் தழும்புதான். பலாப்பழம் சுமந்தாலும் வரும், வாழைத்தார் சுமந்தாலும் வரும். செம்மரம் மிதக்காது என்பது உனக்கு எப்படித் தெரியும் மாமா என்று நான் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம்; அவர் சொல்லாததை நாம் தோண்டக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம் என்றும் சொல்லலாம், இது கொஞ்சம் உண்மைக்குப் பக்கம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் படத்தை நான் பழையபடி பார்க்க முடியாது. ஒரு மனிதனின் ஆயுளில் ஒரு கெட்ட வருடத்தைவிட எனக்கு ஒரு தெலுங்குப் படம் முக்கியமாகப் போய்விட்டதா? எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல.

நேரே கேட்க முடியாதவன் என்ன செய்வான், சுற்றுவழியில் சோதித்துப் பார்ப்பான். மரப்பாச்சி பொம்மை செம்மரத்தில் செய்வது என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. 2024 நவராத்திரிக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு கடையில் ஜோடி வாங்கி வந்து வாளித் தண்ணீரில் போட்டேன். இரண்டும் மிதந்தன. ஒரு நிமிடம் எனக்குப் பெரிய சந்தோஷம். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சாயப்பட்டறை மாதிரி ஆனது. பொம்மைகள் வெளிறிப்போய் ஏதோ பெட்டிமரக் கட்டையாக மேலே கிடந்தன. ராசிபுரத்தில் அறை எடுத்துப் படிக்கும் மகளிடம் சொன்னேன். அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் கொலு வைப்பவர். அவருடைய பாட்டி காலத்து மரப்பாச்சி ஒன்றை, ஏன் எதற்கு என்று நூறு கேள்வி கேட்டு எடுத்துக் கொடுத்து, கடைசியில் அவரே பக்கெட் கொண்டுவந்து வைத்தார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. அந்த அளவு பொம்மைக்கு அந்தக் கனம் ஆகாது. தண்ணீரில் விட்டதும் ஒரு கல் போவது போல நேராக அடிக்குப் போய் நின்றது, முகத்தை மேலே வைத்துக்கொண்டு. “எடுங்க எடுங்க, ராஜாவை முக்காதீங்க” என்றார் அந்த அம்மாள். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: செம்மரத்தின் வைரம் தண்ணீரைவிட அடர்த்தி. வெட்டுகிறவர்கள் மேல்வெள்ளையைக் கோடாலியால் செதுக்கி எறிந்துவிட்டு உள்சிவப்பை மட்டும் தூக்குவார்கள். கனத்தைக் குறைக்கவும் விலையைக் கூட்டவும். ஆகவே தூக்குகிறவன் தோளுக்கு வருவது மரத்திலேயே அதிகம் மூழ்கக்கூடிய பகுதி. படம் எடுத்தவர்களுக்கு இது தெரியாமலிருக்காது. மாரேடுமில்லிக் காட்டில் மாதக்கணக்கில் கிடந்து எடுத்திருக்கிறார்கள், கட்டைகளை வேறு எதிலோ செய்து சாயம் பூசியிருப்பார்கள், நான் வாங்கிய பொம்மை மாதிரி. மூழ்கினால் காட்சி இல்லை. நான்கு பேர் பிடித்துத் தள்ளிய கட்டை தொபுக்கென்று அடியில் போய் உட்கார்ந்தால் புஷ்பாவின் யோசனை அங்கேயே முடிந்துவிடும், இடைவேளைக்கே படம் வராது.

போன வருடம் ஆகஸ்ட்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ புதுப்பித்துத் திரையிட்டார்கள். நாங்கள் நான்கு பேர், எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள், பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கப் போய்ப் பார்த்தோம். 1991இல் அது வந்தபோது எங்களுக்குத் தியேட்டரில் பார்க்க வாய்க்கவில்லை; ஒன்றிரண்டு வருடம் கழித்து, மாரியாயி நோன்புக்கு டெக்கும் டிவியும் ஜெனரேட்டரும் ஜீப்பில் ஏற்றி வந்து, விடிய விடிய மூன்று படம் போட்டார்கள், அதில் நடுப்படம் இது. பனி இறங்கித் திரை மங்கும்போது எழுந்துபோய்த் துண்டால் துடைத்துவிட்டு வருவது என் வேலை. விஜயகாந்த் வனத்துறை அதிகாரி. சந்தனமரம் கடத்தும் வீரபத்திரனைப் பிடிக்க வருகிறார், நண்பனைக் கொன்றவனைப் பழிவாங்குகிறார். என்ன கைதட்டல்! வனத்துறை ஜீப்பைக் கண்டால் விறகுக் கட்டைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடுகிற நாங்கள், திரையில் வனத்துறை ஜீப் பறந்தால் கைதட்டினோம். படம் வந்த மறுவருடம், 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றில் கண்டதையும் கொட்டினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்திருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாச்சாத்திக்காரர்கள் மலையாளிகள். அந்த நோன்பு இரவில் பனியைத் துடைத்துத் துடைத்துக் கேப்டனைப் பார்த்தபோது எனக்கு வாச்சாத்தி என்ற பெயர்கூடத் தெரியாது. போன ஆகஸ்ட்டில் தெரியும். தெரிந்தும் ‘ஆட்டமா தேரோட்டமா’ தொடங்கியதும் என் கால் தானாகத் தாளம் போட்டது, அதை என்ன செய்ய. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 1991இல் கதாநாயகன் மரத்தைக் காப்பவன், 2021இல் கதாநாயகன் மரத்தைக் கடத்துபவன். முப்பது வருடத்தில் எங்கள் கைதட்டல் ஜீப்பிலிருந்து இறங்கி லாரியில் ஏறிக்கொண்டது. கோடாலி பிடித்தவன் மட்டும் இரண்டிலும் அதே இடத்தில், சட்டத்தின் ஓரத்தில், முகம் தெளியாமல் நிற்கிறான். இரண்டு படத்திலும் அவனுக்கு வசனம் கொஞ்சம்தான். ஓடு, ஓடு என்பது போல.

சரி, எங்களை நடுவில் வைத்து எடுத்த படம் இல்லையா என்றால், இருக்கிறது. வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம் 2023 மார்ச் 31ஆம் தேதி வந்தது. அதற்கு முதல் நாள் சென்னையில் ஒரு தியேட்டரில், டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் ஒன்றை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்திய வீடியோவை எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் படம் ‘பத்து தல’. மறுநாள் மலைமக்களின் துயரத்தைப் பார்க்க அதே மாதிரித் தியேட்டர்களில் கூட்டம். நானும் கீழே போனேன். தொடக்கத்தில் ரயில் கவிழ்ந்து கிடக்கும் இடத்தில் கேமரா வெட்டாமல் நடந்துகொண்டே போகிறது, மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சூரி இவ்வளவு நன்றாக நடிப்பாரா என்று வியந்தேன். அப்புறம் அந்த ஸ்டேஷன் காட்சிகள் வந்தன. பெண்களைப் பிடித்து வந்து துணியை உருவி அடிக்கிறார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேண்டீனில் டீ சொன்னேன். டீ ஆறும்வரை உள்ளேயிருந்து அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது, டீக்காரர் என்னைப் பார்த்து, “ரொம்ப அடிக்கிறாங்களா?” என்று கேட்டார். அவருக்குத் தினம் நான்கு காட்சி அது. நான் திரும்ப உள்ளே போகவில்லை. மிச்சத்தைப் பிறகு வீட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். ஆக, எங்களைப் பற்றிய படத்திலிருந்து நான் எழுந்து வந்தேன். எங்களைக் கூட்டத்தோடு கூட்டமாக்கிய படத்தை மூன்று முறை பார்த்தேன். மாமா சொன்னதைவிட இதுதான் என்னை அதிகம் அரிக்கிறது என்று சில ராத்திரிகளில் தோன்றும். சில ராத்திரிகளில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.

மகள் இதை ஒத்துக்கொள்வதில்லை. “உங்களுக்குக் கஷ்டத்தைப் பாக்கப் பயம்பா” என்கிறாள். இருக்கலாம். நாள் முழுக்க ஒத்தை மூங்கில் ஏணியில் சில்வர் ஓக் மரத்தின் பாதிவரை ஏறி மிளகு பறித்தவன், ராத்திரியில் அதே ஏணியிலிருந்து ஒருவன் விழுவதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்பது என் பதில். அவளிடம் இது எடுபடாது. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு, அதை அவளிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ‘ஜெய் பீம்’ ஆகட்டும் ‘விடுதலை’ ஆகட்டும், அடிபடுவது நாங்கள். மனசு மாறுவது வேறு யாரோ. அங்கே வக்கீல், இங்கே போலீஸ் டிரைவர். ‘ஜெய் பீம்’ படத்துக்குப் பின்னாலுள்ள நிஜ வழக்கில் செத்துப்போன ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். மாற்றியதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் எந்தச் சனம் என்பதை மாற்றினாலும் கதை அப்படியே ஓடுகிறது பாருங்கள், வக்கீலை மாற்றினால் ஓடுமா? இந்தப் படங்களை நான் மதிக்கிறேன். வாச்சாத்தியைக் கேள்விப்படாத ஒருவன் ‘விடுதலை’ பார்த்து ஒரு ராத்திரி தூங்காமலிருந்தால் அது நல்லதுதான். என் தூக்கத்தை எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? புஷ்பாவோ, என்ன பொய் சொன்னாலும், கூலிக்காரனைத்தான் நாற்காலியில் உட்கார வைக்கிறான். வக்கீல் வந்து கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை, அவனே உட்கார்ந்தான். மரத்தைப் பற்றிப் பொய் சொன்ன படம் காலைப் பற்றி உண்மையைச் சொன்னது. இதைச் சொன்னால் மகள், “அவன் உட்கார்ந்ததுக்கப்புறம் மரத்த யாருப்பா தூக்குனாங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

இடையில் சிரிப்பதற்கும் ஒன்று. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபோது கீழே எல்லோரும் “மலையாளிப் படம் பார்த்தியா, மலையாளிப் படம் பார்த்தியா” என்றார்கள். சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருப்பதால் கேரளாக்காரனா என்று அலுவலகத்துக்கு அலுவலகம் விசாரிக்கப்பட்ட எங்களுக்கு இது புதிதில்லை. என் தம்பி முறையுள்ள ஒருவன், “நம்ம படம் ஒண்ணு வந்திருக்காம்” என்று உண்மையிலேயே நம்பி வந்தான். பார்த்தோம். கொச்சிக்காரப் பையன்கள் கொடைக்கானல் குணா குகைக்குள் போய் விழுகிறார்கள், 2006இல் நிஜமாக நடந்தது. ‘குணா’ பாட்டு வந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் மலையில் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பது வேறு. கம்பியைத் தாண்டி இறங்காதே என்று உள்ளூர்க்காரன் ஒருவன் சொல்லுகிறானே, நாங்கள் அவன். ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கிக் குளித்துவிட்டு, ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுகிற கீழ்நாட்டுக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வருவது எங்களுக்கு வருடாந்திர வேலை. அந்தக் கோணத்திலிருந்து எடுத்தால் அது திகில் படம் அல்ல, அலுப்புப் படம்.

மாமாவைத் தியேட்டருக்கு ஒரே ஒருமுறைதான் கூட்டிப்போக முடிந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாவுக்கு வந்தவர், இரண்டு நாள் தங்கினார். மாரி செல்வராஜின் ‘வாழை’ ஓடிக்கொண்டிருந்தது. தார் சுமக்கப் போகும் பையன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கழுத்து வலிக்குமே என்று பயப்படும் பையன். மாரி செல்வராஜ் சின்ன வயதில் தானே தார் சுமந்தவர் என்பதைச் சொல்லித்தான் கூட்டிப்போனேன், மாமா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. படம் முழுக்க நான் திரையைப் பாதியும் அவரைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் கால் புதையப் புதையச் சின்னப் பிள்ளைகள் தலையில் தாரோடு வரப்பில் நடக்கிறார்கள். ஒரு கட்டத்தில் மாமாவின் வலது தோள் மெல்ல மேலே ஏறியது, எடை மாற்றிக்கொள்வது போல. காட்சி முடிந்ததும் இறங்கியது. அவருக்கே தெரிந்திருக்காது. கடைசியில் லாரி கவிழ்ந்து எல்லோரும் அழுதபோது அவர் அழவில்லை. வெளியே வந்து பீடி பற்ற வைத்து, “சும்மாடு சரியா கட்டியிருக்கான்” என்றார். நான் கேட்ட சினிமா விமர்சனங்களிலேயே அதற்கு மேலான பாராட்டு இல்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. கரும்புச்சாறு குடித்தோம், மிளகு விலை பேசினோம், செத்தவரின் மகன் நிலத்தை விற்பானா மாட்டானா என்று பேசினோம். வாய்வரை வந்தது. வண்டி வந்துவிட்டது.

அந்த டிசம்பரில் ‘புஷ்பா 2’. மூன்று மணி இருபது நிமிடம். ஹைதராபாத்தில் வெளியீட்டுக்கு முந்தின நாள் இரவுக் காட்சி நெரிசலில் ஒரு பெண் செத்துப்போனார் என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான் போனேன், போகாமலிருக்கவில்லை. சேலை கட்டிக்கொண்டு ஆடும் ஜாத்திரைக் காட்சி நன்றாகவே இருந்தது. மற்றபடி படம் பணத்தை எண்ணுகிற சத்தமாகவே காதில் விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிடிபட்ட கூலியாட்களை மீட்க முதலாளி புஷ்பாவே ஸ்டேஷனுக்கு வருகிறான், ஸ்டேஷனையே விலைக்கு வாங்குவதுபோல் பணத்தைக் கொட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறான். தியேட்டர் அதிர்ந்தது. எனக்கு விசில் வரவில்லை. கடப்பாவிலும் திருப்பதியிலும் ஜாமீனுக்கு ஆளில்லாமல் கிடந்துவிட்டு வந்தவர்களைப் பற்றி மலைப்பக்கம் பேசிக்கொள்வார்கள். அவர்களைத் தேடி எந்த மேஸ்திரியும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கூலியாட்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்னால் குனிந்தேன். கேமரா அதற்குள் புஷ்பாவின் செருப்புக்குப் போய்விட்டது. படம் முடியும்போது மூன்றாம் பாகம் வரும் என்று போட்டார்கள்.

இந்தத் தையில் மாமா வந்திருக்கிறார். இப்போது மிளகின்மேல் ஏறி மிதிப்பதில்லை, முழங்கால் விடமாட்டேன் என்கிறதாம். பேரனை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றாதே என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி டிவியில் ஏதோ ஒரு சேனலில் ‘புஷ்பா’ ஓடியது. ஆற்றுக் காட்சி வருவதற்குள் பேரன் மாற்றிவிட்டான். மாமா அவனிடமிருந்து ரிமோட்டை வாங்கி, எனக்குத் தெரியாத அளவு சரியாக, அதே சேனலுக்குத் திருப்பி வைத்தார். கட்டைகள் மிதந்து போவதைக் கடைசிக் கட்டைவரை பார்த்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் மூன்று வாரம் இருப்பார்.